சகலைக்கு ஒரு லேத்

தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் தெரியாது. மைக்ரான் என்று கேட்டால் காவலாளியே கைகாட்டுவார். ஒரு தலைமுடியின் கனத்தை எழுபது பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான். அந்த ஒரு பங்குக்காக மேற்பார்வையாளரோடு மல்லுக்கு நின்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த மனிதர். இருபத்தேழு வருடமாக ஒரே லேத்தில் நின்று இரும்பு கடைகிறார். ஆனால் லேத் கம்பெனியுடையது. சங்கு ஊதினால் துடைத்து வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

சொந்தமாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. அதற்காக வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒரு அறை கட்டினார். தரையில் முக்கால் அடி கனத்துக்குக் கான்கிரீட் ஊற்றினார். ஓரமாக இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு பட்டறைப் பிடியும் சாணை மெஷினும் வந்தன. நடுவில் லேத் நிற்க வேண்டிய இடம் மட்டும் பதினோரு வருடமாகக் காலியாகவே கிடந்தது. மழைக்காலத்தில் அவர் மனைவி அங்கே துணி காயப்போடுவார். லேத் பேச்சை எடுத்தால் பிள்ளைகளின் படிப்பு குறுக்கே வரும், படிப்பு முடிந்தால் கல்யாணம் வரும்.

இந்த நிலைமையில்தான் சகலை வந்து சேர்ந்தார். மனைவியின் தங்கை கணவர், இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அதிகாரி. பேனாவுக்கு மை ஊற்றினாலே சோப்புப் போட்டுக் கை கழுவுகிற ஆசாமி. போனில் யாரோ லேத் ஓட்டுவதை ஆறு மாதமாகப் பார்த்துப் பார்த்து, பித்தளையில் பொம்மை இன்ஜின் செய்ய வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டதாம். ஒரு வீட்டில் பழைய லேத் விலைக்கு வந்திருக்கிறதாம்.

"நீங்க வந்து ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கண்ணே. நீங்க சரின்னாதான் வாங்குவேன்" என்றார்.

மைக்ரானுக்கு வயிறு பற்றி எரிந்தது. குரங்கு கையில் பூமாலை என்று நினைத்துக்கொண்டார். அதைவிட எரிச்சல், அவர் மனைவி முகம் மலர்ந்து, தங்கச்சி வீட்டுக்காரர் எதை நினைத்தாலும் சட்டென்று செய்து முடித்துவிடுகிறார் என்று புகழ்ந்தது. பதினோரு வருடமாகக் கொடியில் துணி போட்ட அதே அம்மாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் போனார்கள். தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒருவரின் வீடு அது. அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்ன அவர் மனைவி, கொட்டகையைத் திறந்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டார். வார முடிவுக்குள் அதைக் காலி செய்தாக வேண்டுமாம். இவருக்கு இருபத்தேழு வருட அனுபவம் என்று சகலை மைக்ரானைப் பெருமையாக அறிமுகம் செய்துவைத்தார்.

உள்ளே நின்ற லேத்தைப் பார்த்ததும் மைக்ரானுக்கு வாயில் எச்சில் ஊறியது. என்ன சொல்வது, சிலருக்கு அப்படி.

இருந்தாலும் முறைப்படிதான் பார்த்தார். முதலில் பெட். அதாவது லேத்தின் நீளத்துக்கும் ஓடுகிற தண்டவாளம். பழைய லேத் என்றால் இரும்பைக் கவ்விச் சுற்றுகிற சக்குக்குப் பக்கத்தில்தான் தேய்ந்திருக்கும், வேலை அங்கேதானே அதிகம். கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். நகம் எங்கேயும் தட்டவில்லை. பிறகு மயிரிழை ஆட்டத்தையும் முள்ளால் காட்டிவிடுகிற டயல் கேஜை வைத்துச் சுழலும் தண்டைக் கையால் திருப்பினார். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. மோட்டாரைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பல்சக்கரங்களின் சத்தத்தைக் கேட்டார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் லேத் ஜெயிக்க ஜெயிக்க, அவர் மனம் சுருங்கிக்கொண்டே போனது. பக்கத்தில் சகலை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகட்டி நின்றார்.

கடைசியாக ஒரு சாண் நீளக் கம்பியை இரண்டு முனையிலும் தாங்கிப் பிடித்து, மேலாக ஒரு சீவு சீவினார். மைக்ரோமீட்டரை வைத்து இரண்டு முனையையும் அளந்தார். ஒரு முனை மற்றதைவிட இரண்டு தலைமுடி கனம் கூடுதல். சகலையும் வாங்கி அளந்து பார்த்து, ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டார்.

ஏன் என்று மைக்ரானுக்குத் தெரியும். கம்பியின் மறுமுனையைத் தாங்குகிற டெயில்ஸ்டாக்கின் அடியில் இரண்டு கோடுகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அவை விலகி நின்றன. பம்புக்காரர் கடைசியாக எதையோ சரிவாகக் கடைவதற்காக அதை நகர்த்தியிருக்கிறார், திருப்பி வைப்பதற்குள் காலம் முடிந்துவிட்டது. இரண்டு திருகாணியைத் திருப்பினால் போதும், டீ ஆறுவதற்குள் சரியாகிவிடும்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பொய்யைத் தேடி எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

"பெட்டு தேஞ்சு போச்சு. இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார்.

சகலைக்கு முகம் விழுந்துவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, மைக்ரான் அவர் தோளில் தட்டி ஆறுதல் வேறு சொன்னார். வாசற்படியில் நின்ற அம்மாள், சரிபண்ணவே முடியாதா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். முடியாதும்மா என்றார் இவர். அந்த அம்மாளைப் பற்றி அந்த நிமிஷத்தில் அவர் நினைக்கவே இல்லை, அவர் கண் முழுக்கச் சகலை மேல்தான் இருந்தது.

பிறகு இரண்டு நாள் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த லேத்தைத் தானே வாங்கிவிடுவதற்காக வங்கியில் இருந்த சேமிப்பை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தேய்ந்த பெட்டை ஞாயிறு தோறும் உட்கார்ந்து நானே சுரண்டிச் சரிபண்ணினேன் என்று சகலையிடம் சொல்ல வேண்டிய வசனம்கூடத் தயார். சகலை வாயைப் பிளப்பதையும், மனைவி கொடியை அவிழ்ப்பதையும் நினைத்துப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கொட்டகை திறந்தே கிடந்தது. உள்ளே லேத் இல்லை. தரையில் நான்கு போல்ட்டுத் துளைகளும், எண்ணெய்க் கறையும், சாம்பல் நிறத்தில் உடைந்த வார்ப்பிரும்புச் சில்லுகளும் இருந்தன.

சத்தம் கேட்டு அந்த அம்மாள் வந்தார். இவரை அடையாளம் தெரிந்தது. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்றார். கொட்டகையைக் கட்டும் முன்பே அங்கே நிறுத்திவிட்ட மெஷின், முழுசாக வாசலில் நுழையவில்லையாம். சம்மட்டியால் அடித்து நாலாக உடைத்து எடுத்துப் போனார்களாம். இருபத்தேழு வருட அனுபவக்காரர் சொன்ன பிறகு வேறு யாரிடம் காட்டுவது என்றுதான் கொடுத்துவிட்டாராம்.

மைக்ரான் குனிந்து ஒரு சில்லைக் கையில் எடுத்தார். அம்மாள் அதைக் கவனிக்கவில்லை. மனதில் இருந்ததைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்த மாதிரி பேசினார்.

"சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. 'நான் போனாலும் கவலைப்படாதே, இந்த மெஷின்ல ஒரு குறை கிடையாது, நல்ல விலைக்குப் போகும்'னு. நானும் நம்பினேன். கடைசியில அதுவும் வெறும் வாய்ப்பேச்சுதான்னு ஆயிடுச்சு."

அப்படியே வந்துவிட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மைக்ரானிடம் எத்தனை சின்னத்தனம் இருந்தாலும், தான் கெடுத்த சாமானை இன்னொருவன் தலையில் கட்டியது இத்தனை வருடத்தில் கிடையாது. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட உருப்படியில் தன் தொழிலாளி எண்ணைத் தானே குத்திவிட்டுத்தான் வருவார். இங்கே பழி ஏறியிருந்தது செத்துப்போன ஒரு கடைசல்காரன் மேல், அதுவும் சுத்தமாக வேலை தெரிந்தவன் மேல்.

"அவர் சொன்னது நிஜம்தாம்மா" என்றார். "மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு ஸ்குரூ திருப்பற வேலை. பொய் சொன்னது நான்."

அம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், நான் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று கேட்டார்.

"நீங்க ஒண்ணும் செய்யலம்மா. என் சகலைக்குக் கிடைச்சுடக் கூடாதுன்னு சொன்னேன். பொறாமை."

திட்டுவார், கத்துவார், பணத்தை எடு என்பார் என்று காத்திருந்தார். சட்டைப்பைக்குள் கையைக்கூட விட்டுவிட்டார். அம்மாள் அவர் பக்கமே திரும்பவில்லை. லேத் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டே அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ரெண்டு நாளா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டே இருந்தேனே" என்றார்.