எண்பத்து மூன்றாம் நம்பர் புளியமரம்

சாமான் கட்ட ஆரம்பித்து நாலு நாள் ஆகியிருந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் எங்கள் இருவரையும் தன்னோடு கூட்டிப் போகிறான். இந்த வயதில் தனியாக இருக்க வேண்டாம் என்பது அவன் கட்சி. எனக்குப் பெரிய சம்மதம் ஒன்றும் இல்லை. ஆனால் என் மனைவிக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, காலை மடக்கினால் உயிர் போகிறது. அப்படி இருக்கும்போது என் சம்மதத்தை யார் கேட்கப் போகிறார்கள்? பித்தளைப் பாத்திரங்களை நான் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்.

"குலசாமி கோயில்ல பிடிமண் எடுத்தாச்சு. பாப்பா கெடக்க எடத்துலயும் ஒரு பிடி அள்ளிட்டு வந்திருங்க."

ஊரை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அதிலும் சங்கரன்கோவில்காரர்களுக்கு மண்ணின் மேல் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை. கோயிலில் பிரசாதமாகக் கொடுப்பதே புற்றுமண் தான். அரிப்பு என்றாலும் அதைத்தான் பூசுவோம், பயந்த பிள்ளைக்கும் அதைத்தான் நெற்றியில் வைப்போம். ஆகவே அவள் கேட்டதில் அதிசயம் ஒன்றுமில்லை. பாப்பா என்றாளே, அதுதான் என்னை உலுக்கிவிட்டது. அது எங்களுக்கு முதல் பிள்ளை. எட்டு மாதக் குழந்தை, மூன்று நாள் காய்ச்சலில் போனது. முப்பத்தைந்து வருடமாக அந்தப் பேச்சை நாங்கள் எடுத்தது பத்துத் தடவை இருந்தால் அதிகம்.

"அங்க மரத்தையெல்லாம் வெட்டிட்டானுகளே" என்றேன்.

"மரத்தையா கேட்டேன்? மரம் போனா என்ன, மண்ணு அங்கன தான கெடக்கும்."

மறுநாள் காலை காப்பியைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். பஸ்ஸில் போனால் இறங்குகிற இடம் தெரிய வேண்டும். எனக்கு அது தெரியாது என்று அப்போதே உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. தவிர, அன்றைக்குப் போனதும் இதே சைக்கிளில் தான். செயின், வீல், சீட்டு எல்லாம் நாலைந்து தடவை மாறிவிட்டன. பிரேமும் கேரியரும் மட்டும் பழையவை.

அந்தக் கேரியரில் தான் என் மச்சினன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் மனைவியின் பழைய சேலையில் சுற்றியிருந்தோம். எங்கள் ஆட்கள் பால்குடிப் பிள்ளைகளை எரிப்பதில்லை. சுடுகாட்டுக்கும் கொண்டு போவதில்லை. மேளம் கிடையாது, கூட்டம் கிடையாது. ஆம்பிளை இரண்டு பேர் கொண்டு போய் ஓடைக்கரையில் குழிதோண்டி வைத்துவிட்டு, அடையாளம் எதுவும் போடாமல், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பெத்தவள் வரக் கூடாது. நான் மிதித்தேன், அவன் பின்னால் இருந்தான். கரிவலம்வந்தநல்லூருக்கு முன்னால் ஒரு டீக்கடைக்காரர், தினமும் என்னைப் பார்க்கிறவர், "என்ன சார்வாள், லீவு நாள்லயும் பள்ளிக்கூடமா, ஒரு டீயைக் குடிச்சிட்டுப் போங்க" என்றார். வரும்போது குடிக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது நான் கரிவலத்தைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஆறு வருடம் தினமும் அந்த ரோட்டில் போய் வந்தவன். அந்த ரோட்டை எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் போதாது; வீட்டில் இருப்பதைவிட அதில் இருப்பது எனக்குச் சந்தோஷம். இரண்டு பக்கமும் புளியமரம், மேலே கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். சித்திரை வெயிலில்கூட தலையில் துண்டு போட வேண்டியிருக்காது. மேற்கே மலை கூடவே வரும். மழை பெய்தால் கண்மாய் நிறைந்து, ரோட்டோரத்து ஓடையில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடும். நான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் காலை நனைத்துவிட்டுப் போவேன். பிள்ளையை அந்த ஓடைக்கரைக்கே கொண்டு போகலாம் என்று சொன்னது நான்தான். சுடுகாட்டுப் பக்கம் எங்கேயோ முள்ளுக்குள் கிடப்பதைவிட நிழலில் கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

அடையாளம் வைக்கக் கூடாது. எனக்கோ வைக்காமல் வர மனம் இல்லை. அங்கே தான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். ரோட்டோரப் புளியமரங்களுக்கு நெடுஞ்சாலைக்காரர்கள் நம்பர் எழுதியிருப்பார்கள். புளி உலுக்கும் குத்தகைக்காக எழுதுவது. எங்கள் பக்கம் ஆட்கள் அதை விலாசம் மாதிரியே சொல்வார்கள்: நூற்றிப் பத்தாம் நம்பர் மரத்துக்கு மேற்கே எங்கள் வயல், அறுபதாம் நம்பர் மரத்தடியில் இறங்கிக்கொள் என்று. நாங்கள் பிள்ளையை வைத்த இடத்துக்கு நேரே நின்ற மரத்தின் நம்பரைப் பார்த்து மனதில் எழுதிக்கொண்டேன். எண்பத்து மூன்று. கல்லும் நடவில்லை, செடியும் வைக்கவில்லை, சாஸ்திரமும் கெடவில்லை. இடமும் என் கையில் இருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த மாதமே சிவகிரிப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டேன். அந்த ரோட்டில் தினமும் போக என்னால் ஆகவில்லை. மனைவியிடம் மட்டும் நம்பரைச் சொன்னேன். அதன்பிறகு ராஜபாளையத்துக்கு எப்போது பஸ்ஸில் போனாலும் அவளுக்கு இடது பக்கத்து ஜன்னல் சீட்டு வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். கரிவலம் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிடுவாள். எண்பத்து மூன்று வந்ததும் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் நான் கண்டக்டரிடம் எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். ரோட்டை அகலமாக்க மரங்களை வெட்டிய பிறகு அவள் எந்தப் பக்கத்து சீட்டிலும் உட்கார ஆரம்பித்தாள்.

சைக்கிளில் ஊரைத் தாண்டியதுமே தலை காய்ந்தது. எவ்வளவு தூரம் பார்த்தாலும் கறுப்பாய்த் தார், நடுவில் வெள்ளைக் கோடு, எதிரே கண் கூசும் வெளிச்சம். பின்னால் வருகிறவன் ஒவ்வொருவனும் ஹாரனை வைத்து என்னைத் திட்டிக்கொண்டே போனான். சைக்கிளுக்கு அந்த ரோட்டில் இடம் கிடையாது என்பது அவர்கள் அபிப்பிராயம். டீக்கடை இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க். கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் தவிர வேறு எதுவும் இல்லை. பம்ப்செட் ஓடிய தோட்டங்களில் வேலிக்கல் ஊன்றி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, பெரிய போர்டில் ஏதோ ஒரு நகர் என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்த நகரில் ஒரு வீடு இல்லை, ஒரு மனுஷன் இல்லை. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. மலை மட்டும் அங்கேயே நின்றது. அதைப் பார்த்து இடம் கண்டுபிடிக்க முடியுமா, ரோடு நெடுகிலும் அது ஒரே மாதிரி தானே தெரியும்.

கரிவலத்தைத் தாண்டி இரண்டு தடவை போய்ப் போய்த் திரும்பினேன். ஓடை குறுக்கே போகிற கல்பாலம் ஒன்று இருந்தது, அதற்கு அப்பால் வலப்பக்கம் ஒரு கிணறு. பாலத்தைக் காணவில்லை, கிணற்றையும் காணவில்லை. மூன்றாவது தடவை சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். ரோட்டுக்குக் கீழே ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். என் வயது இருக்கும். தலையில் ஒரு சட்டையை மடித்துப் போட்டிருந்தார். நான் போவதையும் வருவதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி தேடுதிய?"

"இங்க எண்பத்து மூணாம் நம்பர் புளியமரம்னு ஒண்ணு நின்னுச்சு. அது எந்த இடம்னு தெரியுமாம்மா?"

"எந்த வருசத்து நம்பரைக் கேக்கிய?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அவரும் அவர் வீட்டுக்காரரும் இருபது வருடம் இந்த ரோட்டில் புளி உலுக்கியவர்கள். மரம் விழ விழ நம்பர் மாறும். சங்கரன்கோவில் பக்கம் இருந்துதான் எண்ணிக்கொண்டு வருவார்கள். நடுவில் நாலு மரம் காற்றில் போனால் அப்புறம் வருகிற எல்லா மரத்துக்கும் நாலு குறையும். பழைய நம்பரைச் சுரண்டிவிட்டுப் புதுசு எழுதுவார்கள்.

"ஊர்ப் பக்கம் கடை கெட்டணும்னு பத்துப் பன்னெண்டு மரத்தை ஒரே நேரத்துல சாய்ச்சான்லா, அப்பவே எல்லாம் எறங்கிப் போச்சு. எங்களுக்கே கொழம்பும்."

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்தது எல்லாம் வேறு ஏதோ மரத்தைப் பார்த்து. எத்தனை வருடம், எத்தனை பஸ். பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஒரு மரம் விழுந்தால் ஒன்று குறையும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. கூசிப் போனேன்.

"மரம் கெடக்கட்டும்மா. மேற்கே ஓடைக்கரை ஒண்ணு உண்டும்லா, அது எங்க?"

அவர் கையில் இருந்த கம்பை நீட்டினார். கம்பு காட்டிய இடத்தில் சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"இந்தா வண்டி போகுதுல்லா, அதான் கரை. ஓடையைத் தள்ளி அங்கன கொண்டு போயிட்டான். பழைய ஓடை பூராம் ரோட்டுக்கு அடியில கெடக்கு. அங்கன என்ன வச்சிருந்திய?"

"பிள்ளையை" என்றேன்.

அவர் நீட்டிய கம்பைத் தரையில் ஊன்றினார். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "கரை பூராம் பிள்ளைக தான அண்ணாச்சி. எனக்கும் ஒண்ணு கெடக்கு" என்றார். ஒரு ஆடு ரோட்டில் ஏறப் பார்த்தது. அதை விரட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு அழுதிருக்க வேண்டியது. வண்டி ஒவ்வொன்றும் போகும்போது தரை லேசாக அதிர்ந்தது, அது தான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு எழுந்து தார் முடிகிற விளிம்பில் விரலால் கிளறி ஒரு பிடி மண் அள்ளினேன். வயலில் இறங்கி அள்ளியிருக்கலாம். ரோட்டை ஒட்டி அள்ளினால் பிள்ளைக்குப் பக்கம் என்று பட்டது. துண்டின் முனையில் முடிந்துகொண்டேன். வீட்டில் என்ன சொல்வது என்று வருகிற வழியெல்லாம் யோசித்து, ஒரு பொய்யையும் தயாராக வைத்துக்கொண்டேன்: இடம் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் ஒரு வேம்பு முளைத்திருக்கிறது.

வேம்பு வரைக்கும் சொல்லி முடித்தேன். அவள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். விரலால் நிரடினாள்.

"இது ரோட்டுக்குக் கொட்டுத சரள்மண்ணு" என்றாள்.

"அங்க உள்ளது தான்."

"அங்கன உள்ளது கரிசல்லா?"

"உனக்கு எப்படித் தெரியும்? நீ வரவே இல்லையே."

"நீங்க கெட்டியிருந்த வேட்டியை மறுநாள் நான் தான தொவைச்சேன். முட்டிக்கு மேல வரைக்கும் கறுப்பா அப்பியிருந்துச்சு. மூணு தண்ணி அலசினேன், மூணுலயும் கறுப்பாத் தான் வந்துச்சு. எல்லாத்தையும் சாக்கடையில ஊத்துனேன்."

அதற்கு மேல் பொய் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. நம்பர் மாறியது, ஓடையைத் தள்ளியது, ரோடு, எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு மேய்த்த அம்மா சொன்னதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ நான் இத்தன வருசம் பாத்துக்கிட்டு இருந்தது யாரு பிள்ளையை?" என்று மட்டும் கேட்டாள்.

மண்ணை அவள் வைத்துக்கொள்ளவில்லை. கொல்லையில் இருந்த முருங்கைமரத்தடியில் போடச் சொன்னாள், போட்டேன். குலசாமி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கார் கொண்டு வந்தான். சாமான் வேனில் முன்னால் போய்விட்டது. சைக்கிளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டேன். அவள் பின் சீட்டில் இடது பக்கம் ஏறினாள், நான் அவள் பக்கத்தில். ரோடு நன்றாக இருக்கிறது, ஒன்றரை மணிநேரம் மிச்சம் என்று மகன் சொல்லிக்கொண்டே ஓட்டினான். அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். எங்கே என்று நாங்கள் சொன்னதில்லை.

கரிவலம் தாண்டியதும் அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். பிறகு ஒரு கையால் முழங்காலைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக மடக்கிச் சீட்டின் மேல் தூக்கி வைத்தாள். மகன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னம்மா, கால் வலிக்கா?" என்றான். ஆமா என்றாள். எந்த இடம் என்று என்னிடம் கேட்கவில்லை, கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. ராஜபாளையம் வரும்வரைக்கும் அவள் காலைக் கீழே வைக்கவில்லை.