ரிமார்க்ஸ் கட்டத்தில் அறுந்த வாக்கியம்

1. படத்தில் விட்டுப்போன ஆள்

நிறுவனங்களுக்கு ஈஆர்பி சாப்ட்வேர் போட்டுக் கொடுப்பதுதான் ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலை. கொள்முதல், உற்பத்தி, கணக்கு என்று தனித்தனியாகக் கிடப்பதையெல்லாம் ஒரே சாப்ட்வேருக்குள் கொண்டுவர வேண்டும். அதற்கு முன்னால், எந்தத் தகவல் யாரிடம் தொடங்கி யாரிடம் போகிறது என்று ஒரு படம் வரைவோம். கட்டங்களும் அம்புக்குறிகளுமாக இருக்கும் அதற்கு என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று பெரிய பெயர். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அண்ணன் தம்பி இருவர் நடத்திய ஒரு கோழித்தீவன நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் பழனியப்பன், புதுச்சத்திரம் பக்கம் தீவன மில்லைப் பார்த்துக்கொண்டார். தம்பி செல்வராசுவுக்குச் சங்ககிரியில் லாரி ஆபீஸ். கோழிப்பண்ணைகள் இரண்டு பேருக்கும் பொது. மில்லில் அரைத்த தீவனம் தம்பியின் லாரியில் ஏறிப் பண்ணைக்குப் போகும். படம் வரைய இதைவிடச் சுலபமான நிறுவனம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டுதான் முதல் நாள் மில்லுக்குப் போனேன்.

"லாரி வேணும்னா தம்பிகிட்ட எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"சுகுமார்கிட்டச் சொல்லிருவனுங்க" என்றார் பழனியப்பன்.

சங்ககிரிக்குப் போனேன். "லோடு ரெடின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சுகுமார் வந்து சொல்லுவானுங்க" என்றார் செல்வராசு.

"நேரா அண்ணனுக்கு ஒரு போன் போட மாட்டீங்களா?"

அவர் முகம் மாறியது. "அண்ணன் மக கல்யாணப் பத்திரிகைல எம்பேரு இல்லீங்க மேடம். ஊருல இருக்கற அத்தனை பேர் பேரும் இருந்துச்சு. பொண்ணோட சொந்தச் சித்தப்பன் பேரு இல்ல. அன்னையிலருந்து பேச்சு இல்லீங்க."

அண்ணனிடம் கேட்டால், "அச்சாபீஸ்காரன் ஒரு வரிய உட்டுட்டானுங்க. அதுக்குப் போயி கல்யாணத்துக்கே வராம இருந்துக்கிட்டான். தப்பு யாருதுங்க?" என்றார்.

சுகுமார் இரண்டு ஆபீசுக்கும் பொதுவான மேனேஜர். பைக்கில் அங்கேயும் இங்கேயும் போய் வந்து, சிரித்த முகமாகச் செய்தி சொல்லுவார். நான் அவரை "மேனுவல் ஸ்டெப்", அதாவது ஆள் வைத்து நடக்கும் வேலை, என்று குறித்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் அப்படிக் குறித்தால், அதைத் தூக்கிவிட வேண்டும் என்று அர்த்தம். அவருக்குப் பதிலாக ஒரு அப்ரூவல் ஸ்கிரீன் வைத்தோம். மில்லிலிருந்து அண்ணன் கோரிக்கை போடுவார், தம்பி அப்ரூவ் செய்வார், வண்டி கிளம்பும். பக்கத்தில் இரண்டு பேரும் ஏதாவது எழுதிக்கொள்ள "ரிமார்க்ஸ்" என்று ஒரு கட்டம்.

பயிற்சி வகுப்பில் சுகுமார் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மேடம், இதுல என்ன வேணா எழுதலாமுங்களா?"

"எழுதலாங்க."

"எழுதுனத அப்படியே அந்தப் பக்கம் காட்டிருமுங்களா?"

"ஒரு எழுத்து மாறாம காட்டும்."

"அப்பச் செரிங்க. நான் கொஞ்ச நாளைக்கு லீவு எடுத்துக்கறனுங்க."

வேலை பறிபோகும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன்.

2. கோ-லைவ்

சாப்ட்வேர் ஓடத் தொடங்கிய நாள். காலையில் மில்லில் பொங்கல் வைத்துக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் இட்டார்கள். பழனியப்பன் தன் கையாலேயே முதல் கோரிக்கையைப் போட்டார். எல்லோரும் கைதட்டினோம்.

அவர் ரிமார்க்ஸில் என்ன எழுதினார் என்று பிறகுதான் பார்த்தேன். "லாரி உடனே வரோணும். எப்பவும் போலத் தூங்கிட்டு இருக்காதே."

சங்ககிரியிலிருந்து பதில் வந்தது. ரிஜெக்டட். "இங்கே உங்க வேலையாள் யாரும் இல்லை."

அண்ணன் மறுபடி போட்டார். "பண்ணை உனக்கும் பாதி. கோழி உன்னையும் சேர்த்துத்தான் திட்டும்."

ரிஜெக்டட். "கோழிக்காவது என் பேரு தெரியுதே."

கைதட்டியவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மூட்டைகள் லோடு ஏற்றும் மேடையிலேயே அடுக்கிக் கிடந்தன. மத்தியானம் பண்ணை சூப்பர்வைசர் போனில் கத்தினார். "மேடம், சாயங்காலத் தீனிக்கு இங்க ஒண்ணுமில்லீங்க! தீனி தப்புனா முட்டை கொறைஞ்சிருமுங்க. உங்க சாப்ட்வேருக்கு இது தெரியுமுங்களா?"

என் குழுவில் இருந்த பையன், "அட்மின் லாகின்ல நாமே அப்ரூவ் பண்ணிடலாம் மேடம்" என்றான். பண்ணினோம். அடுத்த நிமிடமே செல்வராசு எனக்குப் போன் செய்தார். "நீங்க எத்தனை அப்ரூவ் வேணாப் பண்ணுங்க. வண்டிச் சாவி என்ற டேபிள்ல இருக்குதுங்க."

சுகுமாரை அழைத்தேன். குலதெய்வம் கோயிலில் இருந்தார்.

"நீங்க எப்படிங்க இத்தனை நாளா இதை ஓட்டுனீங்க?"

"பெரியவரு சொல்றதுல பாதிய ரோட்டுலயே உட்டுருவனுங்க. மீதிக்கு முன்னால 'அண்ணன் கேட்டாருங்க'ன்னு சேத்துக்குவேன். திரும்பி வாரப்பவும் அதே கதைதானுங்க."

நான் மேனுவல் ஸ்டெப் என்று தூக்கி எறிந்தது இதைத்தான். தலையைப் பிடித்துக்கொண்டு சங்ககிரிக்குக் காரை விட்டேன்.

3. மீதி எங்கே?

நான் போய்ச் சேர்ந்தபோது செல்வராசு ஸ்கிரீனுக்கு மிக அருகில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் கடைசியாக நீளமாக ஒன்று எழுதியிருந்தார். அதன் கடைசி வரி இப்படி நின்றது: "உன்னை மாதிரி ஒரு தம்பி எனக்கு"

"மீதி எங்கீங்க மேடம்?"

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் ஓரளவு எழுத்துதான் கொள்ளும். அதற்கு மேல் எழுதினால் சேமிக்கும்போதே வெட்டிவிடும். ஆங்கிலத்தைவிடத் தமிழ் எழுத்து டேட்டாபேஸில் அதிக இடம் பிடிக்கும். நாங்கள் சோதித்ததெல்லாம் "ஓகே", "டெஸ்ட்" என்று ஆங்கிலத்தில் அடித்துத்தான்.

"வெட்டுப்பட்டுப் போச்சுங்க. திரும்ப எடுக்க முடியாது."

"எனக்கு வேணும்னு எழுதுனாரா, வேண்டாம்னு எழுதுனாரா?"

"எழுதினவருக்குத்தான் தெரியுங்க."

அவர் எழுந்து நடந்தார். உட்கார்ந்தார். மவுஸை உருட்டி உருட்டிப் பார்த்தார், கீழே எங்காவது மீதி ஒளிந்திருக்கும் என்பதுபோல. கடைசியில், "உங்க போன்ல போடுங்க. என்ற நம்பர்னா எடுக்க மாட்டாரு" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டேன்.

"சொல்லுங்க மேடம்" என்றார் பழனியப்பன்.

"நான்தான்" என்றார் தம்பி.

அண்ணன் போனை வைப்பதற்குள் அவரே முந்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி எனக்குன்னு எழுதி உட்டிருக்கிறியே. எனக்கு, என்ன?"

"ஏன், முழுசா வரலியா?"

"வரல."

பழனியப்பன் தொண்டையைச் செருமினார். "உன்னைய மாதிரி ஒரு தம்பி எனக்குப் பொறந்ததுக்கு, அப்பன் ரெண்டு எருமை வாங்கி உட்டிருந்தாலும் பாலாச்சும் கறந்திருக்கும்னு எழுதுனேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். புராஜெக்ட் முடிந்தது என்றே நினைத்தேன்.

செல்வராசுவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிப்பு. "எருமைக்கு யாரு தண்ணி காட்டுவா? நீயா? சின்னதுலருந்து மாட்டைக் கண்டா நீ ஊட்டுக்குள்ள ஓடிப் பூந்துக்குவே."

"அது முட்ற மாடுடா!"

"எல்லா மாடும் உனக்கு முட்ற மாடுதான்."

அதற்குப் பிறகு என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என் போனை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார். போகும்போது டேபிள் டிராயரைத் திறந்து சாவிக்கொத்தை டிரைவர் பக்கம் வீசினார். பொழுது சாய்வதற்குள் தீவனம் பண்ணைக்குப் போய்விட்டது. போன் எனக்குத் திரும்பக் கிடைத்தபோது சுத்தமாகச் சார்ஜ் இல்லை.

அடுத்த ரிவ்யூ கூட்டத்தில் இருவரும் சேர்ந்தே ஒரு சேஞ்ச் ரெக்வெஸ்ட் கொடுத்தார்கள். ரிமார்க்ஸ் கட்டத்தைப் பெரிதாக்க வேண்டுமாம். "திட்றதுக்கு எடம் பத்தலீங்க" என்று காரணமும் சொன்னார்கள். செய்து கொடுத்தேன். கூடவே, சுகுமாருக்கும் படத்தில் ஒரு கட்டம் போட்டேன்.

அதற்குப் பிறகு எந்த நிறுவனத்துக்குப் போனாலும் சர்வர், சாப்ட்வேர் பற்றியெல்லாம் அப்புறம்தான் விசாரிப்பேன். என் முதல் கேள்வி, "இங்க யார் யாரோட பேசறதில்லீங்க?" என்பதுதான். நீங்களும் அங்கேயே தொடங்குங்கள். எடப்பாடியில் ஒரு ஜவுளி முதலாளியிடம் இதைக் கேட்டபோது அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உக்காருங்க மேடம். டீ சொல்றேன், கொஞ்சம் நேரமாகுமுங்க" என்றார்.