மாமா வாசித்து முடித்த நாவல்

என் நாவல் ஆய்வை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்த ஒரே மனிதர் மாமா. உம்மாவுக்கு மூத்தவர். கல்முனை பஜாரில் ஆணியும் கம்பியும் பெயின்ட்டும் விற்றவர். அவர் கையில் கதைப் புத்தகம் என்று ஒன்றை நான் கண்டதேயில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ புத்தகங்களைப் பற்றிப் பேசக் கேட்டுவிட்டேன். அவரளவுக்குச் சரியாகப் புரிந்துகொண்ட இன்னொரு வாசகரைக் காணவில்லை.

எனக்கு அப்போது பதினான்கு வயது. வாப்பா கட்டாரில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு வேண்டிய கையெழுத்தெல்லாம் மாமாவுடையது. தமிழ் படிப்பித்த சேர் காரைதீவிலிருந்து சைக்கிளில் வருவார். ஒருநாள் கரியரில் ஒரு உரப்பையைக் கட்டிக்கொண்டு வந்தார். அதைக் கொட்டினார். நாவல்கள். ஆளுக்கொன்று. பாடப் புத்தகத்தில் இல்லாத நாவலைத் தனியாக வாசிக்க வேண்டும், தனியாக யோசிக்க வேண்டும், ஒரு மாதத்தில் கொப்பியில் ஆய்வு எழுதிவர வேண்டும். கதை என்ன, அந்தக் கதையின் முதன்மைப் பாத்திரம் ஏன் அப்படி நடந்துகொள்கிறது, அதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது.

எனக்குக் கிடைத்தது முந்நூறு பக்கம். பொடி எழுத்து. அட்டையில் பள்ளிக்கூடத்து முத்திரை மட்டும் பெரிதாக இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் கதாநாயகியின் புருஷன் பாம்பு கடித்துச் செத்தான். அந்தப் பக்கத்தோடு நான் புத்தகத்தை மூடினேன். வெளியே வெயில் இருந்தது, கடல் இருந்தது, பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். செத்தவனின் பெண்சாதிக்காக இருநூற்றுத் தொண்ணூற்றொரு பக்கம் யார் குந்தியிருப்பது?

சாச்சி இருந்தார்.

சாச்சி உம்மாவின் தங்கை. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வான். அதனால் அக்காவும் தங்கையும் ஒரே வளவில் அடுத்தடுத்த வீட்டில் இருப்பார்கள். நடுவே ஒரு வேலி, வேலியில் ஒரு ஆள் நுழையும் கடப்பு. சாச்சியின் புருஷன், சாச்சாவை, மெயின் ரோட்டில் லொறி அடித்துக் கொன்று இரண்டு மாதமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. சாச்சி வெள்ளைச் சாரி உடுத்து, ஜன்னல்களுக்குத் துணி கட்டிய அறைக்குள் இத்தா இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும். அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது, வாசலைத் தாண்டக் கூடாது.

நான் புத்தகத்தைக் கொண்டுபோனபோது உம்மா தடுத்தார்.

"இத்தாக்குள்ள கதப்புத்தகமா? யாசீன் ஓதட்டும் அவள்."

"உம்மா, இது பள்ளிக்கூடத்துப் புத்தகம்." முத்திரையைக் காட்டினேன். முத்திரை என்றால் உம்மாவுக்கு எப்போதும் பயம். வழி விட்டார்.

சாச்சி ஒன்பதாம் பக்கத்தில் என் மடிப்பைப் பார்த்துச் சிரித்தார். அந்த அறைக்குள் இரண்டு மாதத்தில் கேட்ட முதல் சிரிப்பாக இருக்கலாம்.

"புருஷன் மௌத்தான ஒடன ஒனக்குக் கத முடிஞ்சிட்டா? இந்தப் பொம்புளக்கி என்னவாகுதெண்டு நான் வாசிச்சுச் செல்றன். நீ எழுதுகா."

பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் கடப்பால் நுழைந்து போவேன். அறை வாசலில் கொப்பியோடு உட்காருவேன். சாச்சி கட்டிலில் சாய்ந்து, புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சொல்வார். பக்கம் புரளாது. காலையிலேயே வாசித்து மனதில் வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் படித்தவளாம். பதினெட்டு வயதில் ஆசிரியர் கலாசாலைக்கு அவளைக் கூப்பிட்டு ஒரு கடிதம் வந்ததாம். கடிதத்தை வாங்கிய அவளுடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன், அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டாராம். பெட்டை கலியாணம் முடித்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் அப்படியொன்று வந்ததே அவளுக்குத் தெரியுமாம். புருஷன் கெட்டவனில்லை. அடிக்கவில்லை, ஏசவில்லை. பதினோரு வருடத்தில் அவன் அவளிடம் கேட்டது மூன்றே கேள்வி. சோறு ஆக்கிட்டா? சாரம் காய்ஞ்சிட்டா? ஆரு வந்து போன?

நான் எழுதினேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக எழுதியதில்லை.

அவன் செத்த அன்று அவள் உண்மையாகவே அழுதாளாம். அவன் மையத்தை அடக்கத் தூக்கிக்கொண்டு போன பிறகு, அழுதுகொண்டிருக்கும்போதே, இனிமேல் யார் வந்து போனதென்று கேட்க ஆளில்லை என்று ஒரு நினைப்பு வந்ததாம். கதவைத் திறந்தது போல இருந்ததாம்.

"அப்ப அவ சந்தோசப்பட்டாவா, சாச்சி?"

"அப்பிடி எழுதாத. நிம்மதி எண்டு எழுது." ஜன்னல் துணியைப் பார்த்தார். "இல்ல, அதயும் வெட்டு."

நான் வெட்டவில்லை. சேர் ஆதாரம் கேட்பார்.

பிறகு கதை விரைந்தது. அவளோடு படித்த ஒருத்தி மட்டக்களப்பில் இருந்தாள். பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிக்குப் பொறுப்பாக ஒரு ஆள் தேவை, வா என்று எழுதினாள். அவள் ஒரு நீலப் பையில் இரண்டு சாரியையும் சான்றிதழ்களையும் அடையாள அட்டையையும் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். துக்கம் காக்கிற நாட்கள் முடிகிற விடியலில் யாரிடமும் சொல்லாமல் நடந்துபோய் ரோட்டில் பஸ்ஸை மறித்து ஏறினாள். ஜன்னலோரத்தில் இருந்தாள். கதை அவ்வளவுதான்.

"பஸ்ஸில ஏறினதோட முடியிதா?"

"ஏறினாப் போதும் மகள். மிச்சம் தானா நடக்கும்."

நீங்கள் இப்போதே எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்றுதான் முப்பது வருடத்துக்கு மேலாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் எங்கள் குசினியில் வேறொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. இறக்காமம் என்ற ஊரில் பெண்சாதியை இழந்த ஒருவர், மூன்று பிள்ளை, ஏக்கர்கணக்கில் வயல். வயலை விட்டு அவர் இங்கே வரமாட்டார், சாச்சிதான் அங்கே போகவேண்டும். ஊர் வழக்கத்துக்கு மாறு. விதவைக்கு யார் வழக்கம் பார்க்கிறார்கள்? சாச்சியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் கலியாணப் பேச்சு எடுக்கக் கூடாது. மாமா மார்க்கத்தில் கவனமானவர்.

"அவள் போனா ஊடு சும்மாதானே கிடக்கும். நாளைக்குப் புள்ளக்கி சீதனத்துக்கு ஆகும்," என்றார் மாமா. உம்மா என்னைப் பார்த்தார். நான் சாச்சியின் அறை ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று யோசித்தேன்.

சேர் வகுப்பில் என் கொப்பியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன புள்ள இது? இந்த நாவல்ல அந்தப் பொம்புள கடைசியில பட்டினியில வருத்தம் வந்து சாகிறா. உன்ட கொப்பியில அவ பஸ் ஏறிப் போறா. எந்த பஸ்? எத்தினயாம் நம்பர்?"

வகுப்பு சிரித்தது. கடைசி வாங்கில் இருந்த ஒருத்தன், "சேர், டிக்கட் எடுத்தாவாமா?" என்றான். அந்தச் சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்று சிவப்பு மையில் எழுதி, பொறுப்பானவரின் கையெழுத்தோடு வா, திரும்ப எழுது, கடைசியில் முடிவைப் பற்றி உன் சொந்தக் கருத்தையும் பத்து வரியில் எழுது என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போய்விட்டு மாமா எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவார். கொப்பியை நீட்டினேன். சிவப்பு மையைப் பார்த்தார்.

"பொய் எழுதினயா?"

"நான் இல்ல மாமா. சாச்சிதான் பொய்யாச் சென்ன. நான் சென்னதத்தான் எழுதின. வேணுமெண்டா வாசிச்சுப் பாருங்க!"

வேணுமெண்டா வாசிச்சுப் பாருங்க. இந்த மூன்று சொல்லையும் நானாகத்தான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

மாமா பிளாஸ்டிக் கதிரையில் இருந்து வாசித்தார். உதடு அசைய, விரலை வரிக்கடியில் வைத்து, தேவைப்பட்ட இடத்தில் திரும்பிப் போய் வாசித்தார். சட்டைப் பையில் போட்ட கடிதம் வந்த இடத்தில் விரல் நின்றது. அவருடைய இடது கை தானாக எழுந்து தன் சட்டைப் பையைத் தொட்டது. உம்மா குசினி வாசலில் சோற்றுக் கோப்பையோடு நின்றார். சோறு ஆறியது.

"அந்தக் கூட்டாளி எந்த ஊரெண்டு சென்ன?"

"மட்டக்களப்பு."

"ம்." கடைசிப் பக்கம் வரை போனார். பஸ் வரைக்கும். பிறகு பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். என் தலையைத் தடவினார். "நல்லா எழுதிரிக்காய் புள்ள. ஒண்டையும் உடாம."

எனக்கு உச்சி குளிர்ந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்த எழுத்தை ஒரு பெரிய மனிதர் மெச்சிவிட்டார்.

மாமா கடப்பால் நுழைந்து சாச்சி வீட்டுக்குள் போனார். சத்தம் எதுவும் கேட்கவில்லை. சத்தம் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார், கையில் ஒரு நீலப் பை. கதையில் வந்தது போலவே சாச்சியிடமும் ஒன்று இருக்கிறதே என்று நான் வியந்தேன். பையை மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் கொளுவிக்கொண்டு, சாப்பிடாமலே போனார். உம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க உம்மாவுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் நான்.

பிறகு நான் கடப்பால் போனேன். கோபத்தோடுதான் போனேன்.

"எல்லாரும் சிரிச்ச, சாச்சி. நீங்க ஏன் பொய் சென்ன?"

சாச்சி கட்டிலில் இருந்தார். கட்டிலுக்கடியில் இருந்த பாய், இழுத்தெறிந்தபடியே கிடந்தது. என்னை ஏசுவார் என்று நினைத்தேன்.

"மாமா முழுக்க வாசிச்சாரா?"

"ஓம். நல்லாரிக்காம்."

"பஸ் வரைக்கும்?"

"ஓம்."

தலையாட்டினார். "நான் பிழ உட்டுட்டன் மகள். கொப்பியத் தா. சரியாச் செல்றன், எழுது."

இந்தத் தடவை பக்கங்கள் புரண்டன. அடுத்த ஒரு கிழமையும் அசருக்குப் பிறகு சாச்சி புத்தகத்தைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி வாசித்துச் சொன்னார். அந்தப் பெண் வேலை கேட்டு வீடு வீடாக ஏறினாள், சனம் பழி சொன்னது, காய்ச்சல் கண்டது, செத்தாள். குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை, சந்தைக்குப் போகிறவளிடம் சாமான் பெயர் சொல்வதுபோல. எழுதுவது எனக்கு இலேசாக இருந்தது. சொந்தக் கருத்துக்கு மட்டும் நான் திணறினேன். சாச்சியைக் கேட்டேன்.

"அது ஒன்ட கருத்து. நீதான் எழுதணும்."

நான் எழுதினேன். முடிவு பொருத்தமாக அமைந்துள்ளது, இப்படிப்பட்ட பெண்ணுக்கு இதைத் தவிர வேறு முடிவு இருக்க முடியாது, ஆசிரியர் யதார்த்தத்தை மீறவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். கொப்பியை வாங்கி 'யதார்த்தம்' என்ற சொல்லில் நான் விட்டிருந்த எழுத்துப் பிழையைத் திருத்தித் தந்தார்.

இத்தா முடிந்த மூன்றாம் நாள் நிக்காஹ் எழுதினார்கள். அன்று நான் பள்ளிக்கூடம் போய்விட்டு நேரத்தோடு வந்தேன். சேர் கொப்பியைத் திருப்பித் தந்திருந்தார். எண்பது. வகுப்பில் அதுதான் கூட. இறக்காமத்துக்குப் போகும் வான் ரோட்டுக் கடப்படியில் நின்றது, சாச்சியின் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உம்மா சாச்சியின் சாரி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் நடுவில் புகுந்து கொப்பியை விரித்துப் பிடித்தேன்.

சாச்சி என் பத்து வரியையும் இன்னொரு தடவை வாசித்தார். பக்கத்திலிருந்த சிவப்புச் சரியைப் பார்த்தார். எண்பதைப் பார்த்தார். மைபூசிய கண்ணோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாம் சரியாத்தானே எழுதிரிக்காய். மிச்ச இருவது எதுக்குகா கொறச்ச?"



"நாளைக்கு சேரிட்டக் கேட்டு வந்து செல்றன், சாச்சி," என்றேன்.