ஒன்றுக்கு அடுத்து பத்து

எங்கள் ஊர் சிலுவைப் பாதைக்கு எத்தனையோ வருடமாக அம்மாதான் குரல். பெரிய வெள்ளியன்று கோயிலில் கிளம்பி, வாய்க்கால் கரையோடு நடந்து, உளுந்து பிடுங்கிய வயல்களைத் தாண்டி மாதா சிலை இருக்கும் குகைபோன்ற கெபி வரை போவோம். வழியில் பதினான்கு நிலைகள். ஒவ்வொன்றிலும் இயேசுவின் பாடுகளில் ஒன்றைச் சொல்லி அம்மா ஜெபம் வாசிப்பாள். ஊரே பின்னால் சொல்லும்.

இந்த வருடம் தவக்காலத்தில் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். புண் ஆறுமுன் பேசினால் குரல் போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா விட்டுக்கொடுப்பாளா? ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே பதினான்கு ஜெபங்களையும் போனில் பதிவு செய்து, 1, 2 என்று எண்ணையே பெயராகப் போட்டு வைத்துவிட்டாள்.

வியாழன் காலை கோயில் வாசலில், மைக்செட்காரர் அந்த ஜெபங்களை நான் ஏற்றிக் கொடுத்த பென்டிரைவைத் தன் பெட்டியில் செருகி ஓட்டிப் பார்த்தார். முதல் நிலையில் இயேசுவுக்குத் தீர்ப்பு. அடுத்து நேராகப் பத்தாம் நிலை. ஆடையை உரிந்தார்கள், ஆணி அடித்தார்கள், அடக்கமும் செய்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அவர் தோளில் சிலுவையையே ஏற்றினார்கள்.

"என்னங்க இது, அடக்கம் பண்ணிட்டு சிலுவையைக் குடுக்குறாங்க?" என்றார் பங்குச் சாமியார்.

"பெட்டி அப்படித்தான் எடுக்குது சாமி. நான் ஸ்பீக்கர் கட்டின லோடு ஆட்டோவை ஓட்டுவேனா, ஒவ்வொண்ணா அமுக்கிட்டிருப்பேனா?" என்றார் மைக்செட்காரர்.

அம்மா ஜெபப் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தானே வாசிப்பதாகச் சைகை காட்டினாள். எனக்குப் பகீரென்றது. உடனே கோபமும் வந்தது.

"ஒரு பூஜ்யம் இல்லாததுக்கு உன் குரலைத் தொலைப்பியா? புத்தகத்தைக் கீழ வைம்மா" என்றேன்.

வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்குக் கணினி நிரல் எழுதுகிறவள் நான். கேட்டதுமே நோய் புரிந்துவிட்டது. அந்தப் பெட்டி எண்ணைக் கணக்காகப் பார்க்காது. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கும். 10 முதல் 14 வரை எல்லாம் ஒன்றில் ஆரம்பிப்பதால் 2-ஐ முந்திக்கொள்கின்றன. 1-ஐ 01, 2-ஐ 02 என்று ஒன்பது வரை ஆக்கினால் போதும், 10-ம் அதன் கூட்டமும் வாலைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போய்விடும்.

கையாலேயே பெயரை மாற்றலாம்தான். ஆனால் இந்த மாதிரி வேலையில் என் கையைவிட என் நிரலை நம்புகிறவள் நான். லேப்டாப்பைக் கோயில் பெஞ்சில் வைத்து நான்கே வரி எழுதினேன். அதற்கு உயிர் 02d என்ற குறி. எண் இரண்டு இலக்கத்தில் வரவேண்டும், இடம் காலியாக இருந்தால் முன்னால் பூஜ்யம் போடு என்று பொருள். முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று பள்ளியில் சொன்னவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும்.

மைக்செட்காரர் மறுபடி ஓட்டினார். ஒன்றுக்கு அடுத்து இரண்டு.

"அட, வழிக்கு வந்துடுச்சே!" என்றார். வராமல் எங்கே போகும்?

மறுநாள் பன்னிரண்டாம் நிலை வந்தது, இயேசு உயிர்விடும் இடம். அங்கே எல்லோரும் மண்டியிடுவோம். ஒரு கையில் மைக், ஒரு கையில் புத்தகம் என்று அம்மா மட்டும் எப்போதும் நின்றுகொண்டிருப்பாள். இம்முறை ஸ்பீக்கரில் அவள் குரல் வர, அவளும் புழுதியில் மண்டியிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போனில் ஏதோ தட்டி என்னிடம் நீட்டினாள்.

"அடுத்த வருஷம் குரல் நல்லாயிட்டாலும் இதையே போடு. நானும் முட்டி போடணும்."