இடது காலில் நிற்பது

எனக்குப் பக்கவாதம் வந்தபோது வயது நாற்பத்தாறு. ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதத்தில் வாய்க்கோணல் சரியாயிற்று, இடது கை முக்கால்வாசி திரும்பியது. கால்தான் சண்டித்தனம் செய்தது. எழுந்து நின்றால் உடம்பு இடப்பக்கம் சாயும். குளியலறையில் இரண்டு முறை விழுந்தேன்.

மெடிக்கல் லீவு முடிய இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. அதற்குப் பிறகு தொழிற்சாலை டாக்டர் ஃபிட் என்று எழுதினால் மெஷினுக்குத் திரும்பலாம். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு எங்கே இருக்கிறது? இருந்ததே குவார்ட்டர்ஸ்தான், வேலை போனால் அதையும் காலி செய்ய வேண்டும். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பயந்து செத்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், அத்தனையையும் மனைவிமேல் காட்டினேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் முத்தாபுதுப்பேட்டைக்காரர். என்னைவிட எட்டு வயது சின்னவர். சாயங்காலம் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் கராத்தே வகுப்பு நடத்துவார். ஒருநாள் என்னைப் பார்க்க வந்தவர், "அண்ணாத்தே, சீனாக்காரன் ஒரு எக்சர்சைஸ் வெச்சிகீறான். தாய்ச்சின்னு பேரு. பேலன்ஸுக்கு நல்லது. டாக்டராண்ட ஒரு வார்த்தை கேட்டுக்கினு வா, நான் சொல்லித் தரேன்" என்றார்.

எனக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர், பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் செய்யலாம் என்றார். காலை ஆறு மணிக்கு, பிளாக்குக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் ஆரம்பித்தோம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்பு பாரம் முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றிய பிறகுதான் மறு காலை எடுக்க வேண்டும். எடுத்து வைக்கும்போது குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும். மனைவி பின்னால் நின்று என் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வாள். மாடியிலிருந்து பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, அவர்களுக்கா லீவு முடிகிறது?

நான் செய்த மடத்தனம் வேறு. செய்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ஒர்க்கில் இருபது வருடம் ஊறிய உடம்பு இது. எதைக் கையில் கொடுத்தாலும் சட்டுப்புட்டென்று முடித்து அடுத்ததை மாட்ட வேண்டும். கராத்தேக்காரர் கால்மணி நேரம் செய்ததை நான் நாலே நிமிடத்தில் முடித்தேன், ஒன்றுக்கு மூன்று தடவை செய்தேன். எங்கேயும் தடுமாறவில்லை என்று பெருமை வேறு. ஒரு மாதம் இப்படிப் போனது. அப்புறம் குளியலறையில் மூன்றாவது முறை விழுந்தேன்.

மறுநாள் அவர் கைகட்டி நின்று நான் செய்வதைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, இங்கயும் பீஸா தள்றே? வேகமா மெரிச்சா சைக்கிள் தானா நிக்கும். ஸ்லோ சைக்கிள் ரேஸ்ல ஓட்டினாத்தான் எவனுக்கு பேலன்ஸ் கீதுன்னு தெரியும். நீ வுழுற எடத்தையெல்லாம் தாண்டி ஓடிக்கினு கீறே."

சுருக்கென்றது. அன்றைக்குத்தான் அவர் சொன்ன வேகத்தில் செய்தேன். பாரம் இடது காலுக்கு வந்ததும் தொடை வெடவெடத்தது. மூன்று எண்ணுவதற்குள் சாய்ந்து மனைவிமேல் விழுந்தேன்.

"அட கடவுளே, இத்தனை நாளா என்னத்தத்தான் செஞ்சீக?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. துணிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மிச்சமிருந்த ஒன்றரை மாதமும் ஒரு நாள் விடாமல், மெதுவாக, சாய்ந்து சாய்ந்துதான் கற்றுக்கொண்டேன். கடைசி வாரத்தில் அவள் பெல்ட்டை விட்டாள்.

தொழிற்சாலை டாக்டர் முன்னால் என் பழைய ஃபைல் இருந்தது. அதைப் புரட்டியபடியே, "லெஃப்ட் லெக் ரொம்ப வீக். மெஷின்ல நிக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்துவிட்டார்.

"இப்ப நிப்பேன் சார்."

"உக்காருங்க" என்றார், தலை நிமிராமல்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உட்காரவில்லை. செருப்பைக் கழற்றினேன். பாரத்தை இடது காலுக்கு மெதுவாக மாற்றி, வலது காலைத் தூக்கி நின்றேன். அவர் எழுதிக்கொண்டே போனார். தொடை லேசாக ஆடியது. மூச்சை இழுத்து விட்டேன், பல்லைக் கடிக்கவில்லை. அரைப் பக்கம் ஆயிற்று. கம்பவுண்டர்தான் முதலில் பார்த்துவிட்டு, "சார்..." என்றார்.

டாக்டர் நிமிர்ந்தார். என் காலைப் பார்த்தார், எழுதியதைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார்.

"போதும்யா, காலைக் கீழ வைங்க."

"நீங்க அதை அடிச்சிட்டு மாத்தி எழுதுங்க சார், வைக்கிறேன்" என்றேன்.