எந்த ஊருக்குப் போறீங்க?

எல் ஆல்டோ என்ற மலைநகரில், நாலாயிரம் மீட்டர் உயரத்தில், சதுர்னினா ஸ்பார்க் பிளக் கடை வைத்திருந்தாள். யார் வந்தாலும், என்ன வண்டி என்று கேட்பதற்கு முன்னால் "எந்த ஊருக்குப் போறீங்க?" என்பாள். டிரைவர்கள் அவளுக்குப் ‘போலீஸ்காரி’ என்று பட்டப்பேர் வைத்திருந்தார்கள்.

அவள் கணவன் எலாயோ டாக்ஸி ஓட்டியவன். காற்று மெலிந்த அந்த உயரத்தில் பெட்ரோல் சரியாக எரியாது. பிளக்கில் கரி பிடித்து, குளிர்காலையில் வண்டி கிளம்ப அடம்பிடிக்கும். அதனால், முனை நன்றாகச் சூடேறிக் கரியைத் தானே எரித்துவிடும் பிளக்கை அவளே பார்த்து எடுத்துக் கொடுத்தாள். ஊருக்குள் வண்டி அருமையாக ஓடியது.

ஒரு வியாழக்கிழமை அவன் வாசலில் நின்று, "கரனாவிக்கு ஒரு சவாரி, போயிட்டு வர்றேன்" என்றான். கரனாவி மலைக்கு அந்தப் பக்கம், கீழே, புழுங்கும் வெயிலில் இருக்கிறது. அங்கே பாரத்தோடு ஓடினால் அந்தச் சூட்டு பிளக் தணலாகக் கனன்று பிஸ்டனையே உருக்கிவிடும். கடையில் கூட்டம். "சரி, பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி மலையேறும்போது ஒரு வளைவில் எஞ்சின் நின்றுவிட்டது. மூடுபனியில், பின்னால் வந்த லாரிக்காரனுக்கு வண்டி நிற்பது தெரியவில்லை.

பிஸ்டனில் ஓட்டை என்று மெக்கானிக் சொன்னான். ஏன் என்பது அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்துதான் வருகிறவர்களிடமெல்லாம் ஊரைக் கேட்கத் தொடங்கினாள்.

ஆறு வருஷம் போயிற்று. தியோடோசியோ என்ற டிரைவர் ஒருநாள் வந்து, சூட்டு பிளக் நாலு கேட்டான்.

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"ஊருக்குள்ளதான். பாஸ்போர்ட்டும் காட்டணுமா அக்கா?"

அவள் எட்டி அவன் வண்டியைப் பார்த்தாள். "சக்கரமெல்லாம் செம்மண்ணு. நம்ம ஊர்ல செம்மண்ணு ஏது தம்பி? கீழே போறதுன்னா சூடேறாத கூல் பிளக்தான் போடணும்."

"சரி, கரனாவிதான். ஆரஞ்சு ஏத்தப் போறேன். காலைல வண்டி கிளம்பவே மாட்டேங்குது. நீங்க சொல்ற கூல் பிளக்கைப் போட்டா தள்ளிட்டுத்தான் போகணும். தள்ள நீங்க வர்றீங்களா?"

"தள்ளுங்க. முதுகுதான் வலிக்கும்."

"எதிர்க்கடையில வாங்கிக்கிறேன்" என்று திரும்பினான்.

"என் வீட்டுக்காரருக்கும் நான்தான் இதையே குடுத்தேன்" என்றாள் சதுர்னினா. "கரனாவி போறேன்னு சொல்லிட்டுத்தான் போனார். எனக்கு உறைக்கல."

அவன் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"ரெண்டு செட்டும் குடுங்க அக்கா. கணவாய் தாண்டினதும் மாத்திக்கிறேன்" என்றான்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தான். கீழே ஓட்டிக் கழற்றிய நாலு கூல் பிளக்கையும் அவள் முன்னால் வரிசையாக வைத்தான். நாலின் முனைகளும் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. கரியும் இல்லை, அதிகம் சூடேறிய வெளுப்பும் இல்லை.

"சரியா எரிஞ்சிருக்கு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வியாச்சாவுக்குப் போனாள். எலாயோவின் அண்ணன் கிரிசோஸ்தமோ அங்கேதான் இருந்தார். சாவுக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க அஞ்சி அவள் அந்தப் பக்கமே போனதில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கீழே பார்த்துக்கொண்டு கேட்டார். பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் கிளம்பலாமா என்று தயங்கி நின்றபோது, ஒரு தட்டில் அவித்த உருளைக்கிழங்கோடு வந்தார்.

"உக்காரும்மா" என்றார். "சாப்பிட்டுட்டுப் போ."