பேட்டரிக்குக் கீழே போட்ட ஒட்டு

கூரைத் தகரத்தை நெருப்பில் காட்டக்கூடாது. காட்டினால் அதில் பூசிய நாகம் எரிந்து வெள்ளைப் புகை வரும். அதை மூக்கில் இழுத்தவனுக்குச் சாயங்காலம் குளிர்காய்ச்சல் நிச்சயம். வாயெல்லாம் ஒரு மாதிரி தித்திக்கும், சோறு இறங்காது. கார் உடம்பில் வேலை செய்கிற எந்த டிங்கரைக் கேட்டாலும் இதைச் சொல்வான். நானும் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்ன வாயோடு என் தங்கை புருஷனின் காருக்கு அதே கூரைத் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி ஒட்டுப் போட்டேன். பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. நல்ல தகடு எங்கே கிடைத்தது? தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் காற்றுக்குப் பறந்து விழுந்த தகரம்தான் கிடைத்தது.

அப்போது நான் வெலிமடைக் கடைவீதியில் உருளைக்கிழங்கு லொறிகளுக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை அதே கடைவீதியில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டினான். பழைய இங்கிலாந்துக் கார், பச்சை நிறம். எஞ்சினை மூடுகிற பானட்டைத் திறந்தால் பேட்டரிக்குக் கீழே இருந்த பக்கச் சுவரை அசிட் தின்று, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. நான் தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். காரை இப்படியா வைத்திருப்பது, மாட்டைக்கூட இதைவிட நன்றாக வைத்திருப்பார்களே என்று. அவன் சிரித்தான்.

"மச்சான், ஒங்க கோவத்த அந்தத் தகரத்துக்கிட்ட காட்டுனாலே உருகிரும். ஒட்டுற காஸ் எதுக்கு வீணா?"

அவன் எப்போதும் அப்படித்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அவனுக்குச் சிரிப்பு உதட்டு நுனியில். அவனோடு சண்டை போட்டு ஒருநாளும் ஜெயித்ததில்லை.

தங்கைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போயிருந்தன. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை தங்கினால் முதல் முடியை அங்கே வந்து இறக்குகிறேன், அன்றைக்கு இந்தக் காசையும் உண்டியலில் போடுகிறேன் என்று ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்தாள். காசின் மேல் மாப்பிள்ளை ஆணியால் வேல் ஒன்று கீறியிருந்தான். வேல் என்று அவன் சொன்னதால் தெரிந்தது. பார்ப்பதற்கு அகப்பை மாதிரி இருந்தது. நேர்ந்த காசைச் சாமி படத்தடியில் வைப்பதுதான் எங்கள் வழக்கம். அவன் கேட்கவில்லை. நான் ஒட்டுப் போடப் போகிற நேரத்தில் முடிச்சைக் கொண்டு வந்து நீட்டினான்.

"இத உள்ளுக்க வெச்சு அடைச்சிருங்க மச்சான். ரோட்டுல எங்கூடவே இருக்கட்டும். மொட்ட போடப் போற அன்னைக்கு நீங்களே வெட்டி எடுத்துக் குடுங்க. தாய்மாமன் மடியிலதானே ஒக்காத்தி முடி எறக்கணும்? அதோட இதும் ஒங்க வேல."

அந்தச் சுவர் இரட்டைத் தகடு. நடுவில் பெட்டி மாதிரி இடம் இருக்கும். முடிச்சை அந்தப் பெட்டியின் அடியில், சூடு எட்டாத மூலையில் தள்ளி, மேலே தகரத்தை வைத்து ஒட்டி அடைத்தேன். அன்று சாயங்காலம் எனக்குக் காய்ச்சல். தங்கை பால் காய்ச்சிக் கொடுத்தாள்; புகைக் காய்ச்சலுக்குப் பால்தான் மருந்து என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை.

பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. தங்கியது. கதிர்காமத் திருவிழாவுக்குப் போகலாம் என்று பேசி வைத்திருந்தோம். அதற்குள் ஒருநாள் காலையில் மொனராகலைக்கு ஒரு ஹயர் வந்தது. "ராவைக்கு வந்துருவேன், சோத்த மூடி வையி" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு மாப்பிள்ளை புறப்பட்டான். அந்தச் சோறு மூடியபடியே இருந்தது. அவனும் வரவில்லை, காரும் வரவில்லை.

தேடாத இடம் இல்லை. மொனராகலைக் கரும்புத் தோட்டங்களில்கூட விசாரித்தேன். பொலிஸில் முறைப்பாடு கொடுத்தபோது, "இந்தியாவுக்குப் போயிருப்பான், ஒங்க ஆளுங்க எல்லாரும் போறாங்கதானே" என்றார்கள். தோட்டத் தமிழர்களில் அப்படிக் கப்பலேறிப் போனவர்கள் நிறையப் பேர் என்பது உண்மைதான். ஆனால் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுக் காரோடு கப்பலேறினவன் எவன்? பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நான் பதுளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கராஜுக்கு வேலை மாறியபோது தங்கையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தேன். பொட்டும் பூவுமாக இருந்தாள். பிள்ளையின் தலையில் கத்தரி படவிடவில்லை. முடி வளர்ந்து கண்ணை மறைத்தது, தோளைத் தொட்டது. எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். பையன் பெண் பிள்ளை மாதிரி சடையோடு ஓடித் திரிந்தான். அக்கம் பக்கத்தில் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஒருநாள் கோபத்தில் கத்தரிக்கோலை எடுத்தே விட்டேன்.

அவள் குறுக்கே வந்து நின்றாள். "அண்ணே, அவரு வராம இந்த முடியத் தொடக்கூடாது. அவரு இல்லன்னு நானே சொன்னாத்தான் தொடணும். நான் சொல்ல மாட்டேன்."

அந்த முடி இருக்கும் வரைக்கும் அவளுக்குப் புருஷன் உயிரோடு இருந்தான். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

பிள்ளை கதை பேசுகிற வயதுக்கு வந்த பிறகு, ஒரு மழை நாளில் கராஜுக்கு வெள்ளைக் கார் ஒன்று வந்தது, ஊரெல்லாம் ஓடுகிற பழைய இங்கிலாந்து மாடல். கொண்டு வந்தவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நல்ல தமிழ், மெதுவான குரல். பானட்டைத் திறந்து காட்டினார்.

"பாஸ், உள்ளுக்க ஒரு ஓட்ட இருக்கக்கூடாது. ஒரு கோடு, ஒரு ஒட்டு தெரியக்கூடாது. கண்ணாடி மாதிரி வேணும். கொழும்புல ஒருத்தருக்குக் குடுக்கப் போறோம். அவரு பானட்டத் தூக்கித்தான் மொதல்ல பாப்பாரு."

அடிபட்ட கதவையும் நசுங்கிய மட்கார்டையும் கொண்டு வருகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எஞ்சின் இருக்கிற குழியைக் கண்ணாடி மாதிரி கேட்டவரை அன்றுதான் பார்த்தேன். குனிந்து உள்ளே பார்த்தேன். கம்பெனி நம்பர் வெட்டின சின்னத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"தகடு எங்கங்க?"

"துருப்பிடிச்சு விழுந்துருச்சு. அந்த ஓட்டையையும் அடைச்சிருங்க."

சுற்றிலும் துரு இல்லை. உளியால் நெம்பிய தடம் இருந்தது. எனக்கு வாய் துறுதுறுத்தது. முதலாளி பின்னால் நின்றபடி என் தோளில் கை வைத்து அழுத்தினார். அவர் அப்படி அழுத்துகிறவர் அல்ல. ஸ்பானரை எடுத்தேன்.

எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தோம். வெள்ளைச் சட்டைக்காரர் தினமும் காலையில் வந்து பழைய டயர் ஒன்றின் மேல் பேப்பரை விரித்து உட்கார்ந்துகொள்வார். பேச மாட்டார். பிளேன்டீ கொடுத்தால் குடிப்பார். என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். மழை விடவே இல்லை. கார்பைட் கல்லைத் தண்ணீரில் போட்டுக் காஸ் எடுக்கிற டிரம்மின் நாற்றம் கராஜை விட்டு வெளியேறாமல் கிடந்தது. வேண்டாத ஓட்டைகளுக்கெல்லாம் தகடு வெட்டிப் பொருத்தி, சின்ன நெருப்பில் புள்ளி புள்ளியாகப் பிடித்து, சூடு ஆறுமுன்னே சுத்தியலால் தட்டி, அரம் போட்டு, ஈயம் பூசி இழைத்தேன். கை தன் வேலையைச் செய்தது. மனம் அந்த இரண்டு ஆணி ஓட்டைகளிலேயே நின்றது. இந்தக் காரில் ஏறியவர்கள் யார், இறங்கியவர்கள் யார் என்று வேண்டாத யோசனையெல்லாம் வந்தது. ஒருநாள் அவர் திடீரென்று கேட்டார்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க பாஸ்?"

"தங்கச்சியும் அவ புள்ளயும் இருக்காங்க."

"புருஷன்?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. "இந்தியாவுக்குப் போயிட்டாருங்க" என்றேன்.

"ஆமா, நெறையப் பேரு போறாங்க" என்று தலையை ஆட்டிவிட்டுப் பிளேன்டீயைக் குடித்தார்.

கடைசியாகப் பேட்டரித் தட்டுக்குக் கீழே இருந்த சுவருக்கு வந்தேன். கனமாகப் பெயின்ட் பூசியிருந்தது. கீழே ஒரு பழைய ஒட்டு புடைத்துத் தெரிந்தது. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்கலாம் என்று நெருப்பைக் காட்டினேன். முதலில் வெள்ளைப் பெயின்ட் கருகிச் சுருண்டது. அதற்கடியில் பச்சை. எத்தனையோ பச்சைக் கார் ஓடுகிறது, அதற்கென்ன என்று நினைத்தேன். அப்புறம் விளிம்பிலிருந்து புகை கிளம்பியது. வெள்ளைப் புகை. பஞ்சு மாதிரித் தூள் பறந்தது. நாக்கில் அந்தத் தித்திப்பு ஏறியது.

கூரைத் தகரம்.

நெருப்பை எடுத்தேன். கை நின்றுவிட்டது. கூரைத் தகரத்தை வேறு எவனாவது போட்டிருக்கக் கூடாதா? தட்டுப்பாட்டுக் காலத்தில் நான் ஒருவன்தானா மடையன்? முருகா, வேறு எவனாவதாக இருக்கட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். சும்மா சொல்லவில்லை, கெஞ்சினேன்.

டயரில் இருந்தவர் எழுந்து வந்தார். "என்ன பொக இது?"

"பழைய ஒட்டுங்க. கூரைத் தகரம்."

"எப்பிடித் தெரியும்?"

புகையைக் கையால் விசிறினேன். "பொக வெள்ளையா வருதுங்க. எந்த மடையனோ அவசரத்துல போட்டிருக்கான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு புகை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார். போகவில்லை. நான் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டினேன். தகரம் பிரிந்து விழுந்தது. உள்ளே, அடிமூலையில், வெட்டுத் தீயில் உருகிய இரும்பு சொட்டி, துரும்பு மாதிரி ஒரு துணி பொசுங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வட்டமாக ஒன்று நழுவிச் சுவரின் அடியோட்டை வழியாகத் தரையில் விழுந்து சத்தம் போட்டது.

என் காலுக்கு அறிவு இருந்தது. போய் அதன் மேல் மிதித்து நின்றது.

"என்ன விழுந்துச்சு?"

"வெட்டுன துண்டுங்க."

காசு கொதித்துக்கொண்டிருந்தது. ரப்பர் செருப்புத் தீய்ந்து, சூடு உள்ளங்காலுக்கு ஏறியது. காலை எடுக்காமல் நின்றபடியே புதுத் தகட்டைப் பொருத்திப் பிடித்தேன். அவர் வந்து குனிந்து பார்த்தார். ரப்பர் தீயும் வாடை அடிக்கிறதே என்றார். காஸ் குழாய் சூடேறியிருக்கும் என்றேன். தலையாட்டிவிட்டுத் திரும்பி டயரில் உட்கார்ந்தார். அப்புறம்தான் குனிந்து எடுத்தேன். கரி அப்பிய காசில் அந்த அகப்பை இருந்தது.

சாயங்காலம் அவர் பானட்டைத் திறந்து உள்சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். "அருமை பாஸ். எங்க ஒட்டுனதுன்னே தெரியல" என்றார். என் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமான வேலையை நான் செய்ததில்லை.

கார் போனதும் முதலாளியிடம் காசைக் காட்டினேன். அவருக்கு முழுக் கதையும் தெரியும். "யா அல்லாஹ்" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போய் என்ன செய்யப்போறீங்க? ஒங்க தங்கச்சிக்கு அண்ணனாவது மிஞ்சட்டும்."

பிற்பாடு நாங்கள் இருவரும் போய்ச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னோம், வெள்ளைக் காரில் மாட்டியிருந்த புது நம்பரையும் கொடுத்தோம். அப்படி ஒரு நம்பரில் காரே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அது பிறகு நடந்தது. அன்றைக்கு எனக்கு வீட்டுக்குப் போவதுதான் பயமாக இருந்தது. கடைவீதி முழுக்க மெதுவாக நடந்தேன். காலில் கொப்புளம். உடம்பு நடுங்கத் தொடங்கியிருந்தது. புகைக் காய்ச்சலா வேறு நடுக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தங்கை பிள்ளையை முன்னால் உட்கார வைத்துச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னண்ணே, கூரைத் தகரத்த வெட்டுனீங்களா? மூஞ்சியே சொல்லுது. பால் காச்சுறேன்" என்று எழுந்தாள். பையிலிருந்து காசை எடுத்தேன். கையை விரித்தேன்.

காசைப் பார்த்தாள். எடுத்துத் திருப்பினாள். கட்டை விரலால் கரியைத் துடைத்துக் கீறலைத் தடவினாள். ஒரு நிமிஷம் அவள் முகம் மலர்ந்தது. அந்த ஒரு நிமிஷத்தை என்னால் மறக்க முடியவில்லை.

"வந்துட்டாரா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"காரு மட்டுந்தான் வந்துச்சா?"

"ஆமா."

"யாரு வெட்டுனது?"

"நாந்தான்."

அவள் அழவில்லை. அடுப்பில் வைத்த பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பிறகு பழையபடி உட்கார்ந்து, பின்னிய சடையை அவிழ்த்தாள். முடியை விரலால் கோதிக் கோதிப் பிள்ளையின் முதுகில் பரப்பிவிட்டாள். பையன் கூசுகிறதென்று சிரித்தான்.

"அண்ணே," என்றாள், "கதிர்காமத்துக்குக் காலைல பஸ் எத்தன மணிக்கு?"